இரண்டரை மணி நேரம்

ஜனவரி 6, 2026, செவ்வாய்

இங்கே எட்டு மணி. மலேசியாவில், கிள்ளானில் பத்தரை. குவைத்தில் ஐந்தரை. மகள் பிரசவத்துக்குப் போன என் வீட்டுக்காரி இரண்டரை மணி முன்னால், மகன் பெரியவன் இரண்டரை மணி பின்னால், நான் சரியாக நடுவில். ஒரே சுவர்க் கடிகாரத்தில் மூன்று பேருக்கும் மணி பார்க்கப் பழகிவிட்டேன்.

குழந்தை இன்னும் கண்ணாடிப் பெட்டியில்தான். 1,450 கிராம். மகள் பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம். "கூட யாரு வராங்க ஆஸ்பத்திரிக்கு?" என்று வீட்டுக்காரி கேட்டாள். பக்கத்து வீட்டுப் பையன் வண்டியில் கூட்டிப் போகிறான் என்றேன்.

பக்கத்து வீட்டுப் பையன் ஓசூரில் இருக்கிறான்.

ஜனவரி 7, புதன்

டயாலிசிஸுக்குப் போகும்போது எடை 57.6. திரும்பும்போது 54.2. பஸ்ஸில் கால் இழுத்துக்கொண்டது. நின்றுகொண்டே வந்தேன்.

ஜனவரி 8, வியாழன்

பட்டாளத்து டிஸ்சார்ஜ் புக்கைத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி லாங்கு பஜார் வழியாக நடை. மணிக்கூண்டுக் கல்வெட்டை எத்தனையோ தடவை தாண்டியிருக்கிறேன், இன்றைக்குத்தான் மூச்சு வாங்க நின்றபோது படித்தேன். இங்கிருந்து 277 பேர் முதல் உலகப் போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் விட்டார்கள். மிச்சம் 263 பேரைப் பற்றிக் கல்லில் ஒன்றும் இல்லை.

முன்னாள் படைவீரர் நல ஆபீசில் நல்ல மரியாதை. உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்கள், பாதிதான் குடித்தேன். பென்ஷன் இல்லாத 65 வயதானவர்களுக்கு டெல்லியிலிருந்து வருகிற மாத உதவி நவம்பர் முதல் 4,000 இல்லை, 8,000. அதைக் கேட்டதும் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. பாஸ்பரஸ் மாத்திரை, பஸ், பெரியவன் விசாவுக்கு வாங்கிய கடனின் மூணு வட்டி, எல்லாம் அடங்கும். அப்புறம் அந்தப் பிள்ளை புக்கைப் பிரித்தது. ஆதாரில் 1960. புக்கில் 12-6-1961.

"புக்ல இருக்கறதுதான் கணக்கு ஐயா. ஜூன் 12க்கு மேல வாங்க."

எது சரி என்று எனக்கே தெரியாது. அம்மாவைக் கேட்டால் ஆடி மாசம் என்பாள், வருஷம் சொல்ல மாட்டாள். ஆடியில் பிறந்தவனுக்கு ஜூனில் தேதி போட்டது பள்ளிக்கூடத்து வாத்தியார். 1979-ல் நீலகிரி வெலிங்டனில் பட்டாளத்தில் சேர்ந்தபோது அதையே எழுதிக்கொண்டார்கள்.

டயாலிசிஸுக்குத் தனியாக ஓர் உதவி உண்டாம். பில் வேண்டும். எனக்கு முதலமைச்சர் காப்பீட்டில் இலவசம், பில் ஏது? சிரிப்பு வந்தது, அந்தப் பிள்ளையும் சிரித்தது.

நாளை முதல் ஜூன் 12 வரை எண்ணிப் பார்த்தேன். வாரம் மூன்று, மொத்தம் 67 தடவை. தடவைக்கு இரண்டு ஊசி. 134 குத்து.

ஜனவரி 9, வெள்ளி

66.

ஜனவரி 11, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைதான் மோசம். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இரண்டு முழு நாள். தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர், அதில்தான் குழம்பு, கஞ்சி, மாத்திரை எல்லாம். சொம்பில் அளந்து வைக்கிறேன். நாலு மணிக்கே சொம்பு காலி.

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது, கிணறுதான். 1987 அக்டோபர், இந்திய அமைதிப்படையில் போயிருந்தேன். கிணற்றில் எதையாவது கலந்திருப்பார்கள், வெளித் தண்ணீர் தொடாதே என்று ஆர்டர். ஒரு வீட்டில் அந்த அம்மா செம்பில் கொண்டுவந்து, என்னைப் பார்த்துக்கொண்டே முதலில் தான் இரண்டு மடக்குக் குடித்துக் காட்டிவிட்டு நீட்டினாள். "தமிழ்ப் பிள்ளையோ" என்று கேட்டாள்.

நான் குடிக்கவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கரும்பு கூடாது, வெல்லம் கூடாது. பாலைப் பொங்கவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். வீடியோவில் அவள், "பானை எங்க, காட்டுங்க" என்றாள்.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். கொட்டகை காலி. மாடு அவள் டிக்கெட்டாகிப் பறந்துவிட்டது. 63.

ஜனவரி 18, ஞாயிறு

பெரியவன் பேசினான். கபில், அதாவது விசா கொடுத்த முதலாளி, நாலாவது மாசமும் சம்பளம் தரவில்லை. பாஸ்போர்ட்டும் அந்த ஆள் கையில். வேறு இடத்துக்கு ஓடினால் கேஸ் ஆகிவிடும். "அடுத்த மாசம் கண்டிப்பா நைனா." இவன் என்னிடம் சொல்லும் பொய்யும் நான் இவன் அம்மாவிடம் சொல்லும் பொய்யும் ஒரே குரலில்தான் வருகின்றன. அங்கே குளிராம். கம்பளி இருக்கா என்று கேட்டேன். இருக்கு என்றான். அதுவும் பொய்யாக இருக்கும்.

இரவு படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே.

ஜனவரி 20, செவ்வாய்

மூன்று வருஷம்.

1991-ல் அப்பா போய், பங்காளி நிலத்தில் வேலி போட்டு, இவள் பெரியவனை வயிற்றில் வைத்துக்கொண்டு கடிதம் எழுதினாள். சொந்த விருப்பத்தின் பேரில் என்று எழுதிக் கொடுத்து வந்தேன். 12 வருஷம் ஆகியிருந்தது. 15 இருந்தால் பென்ஷன். கம்பெனி கமாண்டர் கூப்பிட்டுச் சொன்னார், "மூணு வருஷம் பல்லைக் கடிச்சுக்கோடா." இந்தியில்தான் சொன்னார், எனக்கு எப்போதும் தமிழில்தான் ஞாபகம் வருகிறது.

பக்கத்து வீட்டு நாயக் என்னோடு சேர்ந்தவர். கடித்துக்கொண்டு இருந்தார். பென்ஷன் வருகிறது, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்து இசிஹெச்எஸ் கார்டு இருக்கிறது, தனியார் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் செய்துகொண்டார். நல்ல மனுஷன். அதனால்தான் அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நிலமும் கேஸில் போய்விட்டது. குழந்தை 1,690.

ஜனவரி 23, வெள்ளி

நாலாம் நம்பர் கட்டிலில் வேறு ஆள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போன வாரம் எனக்கு அரை இட்லி கொடுத்தவர். 60.

ஜனவரி 26, திங்கள்

பக்கத்துக் கட்டில்காரர் போனில் பரேடு. இடது கையில் இரண்டு ஊசியோடு என்ன எழுந்து நிற்பது? படுத்தபடியே குதிகாலைச் சேர்த்தேன். கெண்டைக்கால் பிடித்து இழுத்து, கை அசைந்து, மிஷின் கத்தி, நர்ஸம்மா ஓடிவந்து, "தாத்தா, ஆடாம இருங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது!" 59.

ஜனவரி 29, வியாழன்

மலேசியாவில் அவளுக்கு முப்பது நாள்தான். நாளையோடு முடிகிறது. மருமகன் ஏதோ பாஸ் எடுக்க அலைகிறார். வெளிநாட்டுக்காரர் என்று அங்கே அரசு ஆஸ்பத்திரியிலும் குழந்தைக்குத் தனி ரேட்டாம். எவ்வளவு என்று சொல்ல மாட்டேன் என்கிறாள். அப்படியானால் பெரிய தொகை.

"நான் வந்துடட்டுமா?" என்றாள்.

வா என்று சொல்ல வாயெடுத்து, குழந்தை எவ்வளவு எடை என்று கேட்டேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். கோயிலுக்குப் போய் வந்தாளாம். அங்கே எல்லோருக்கும் லீவு, எங்கே பார்த்தாலும் காவடி. யாருக்கு வேண்டிக்கொண்டாய் என்று கேட்கவில்லை. குழந்தை 1,950. அது ஏறினால் நல்லது, நான் ஏறினால் ஆகாது. காலையில் நிறுத்துப் பார்த்தேன், 58.3.

இடது கையைக் காதில் வைத்துப் படுத்தால் டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த பிஸ்டுலா இரைகிறது, தூரத்தில் லாரி ஏறுகிற மாதிரி. அது இரைகிற வரைக்கும் சரி.

பிப்ரவரி 4, புதன்

நாயக் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார். ஒன்றும் பேசாமல் கூடவே ஏறினார். நாலு மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். டிக்கெட் அவர்தான் எடுத்தார். 55.

பிப்ரவரி 8, ஞாயிறு

ராத்திரி ஒன்பது இருபது. அங்கே பதினொன்று ஐம்பது, தூங்கியிருப்பாள். குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் இரண்டு தம்ளர் குடித்துவிட்டேன். ஒன்றில்லை, இரண்டு. கடைசிச் சொட்டு வரை. ஜில்லென்று இருந்தது.

இப்போது நாலு தலையணை. சட்டை பித்தான்களை எல்லாம் கழற்றிவிட்டேன். நாளைக்குப் போனால் 53. நாயக் ஆறு மணிக்கு வருகிறேன் என்றார். போனை சார்ஜில் போட்டு, கதவைத் தாழ் போடாமல்