உளவளத்துணைப் பரீட்சையில் சட்டமும் தொழில் ஒழுக்கமும்: நான் படித்த விதம்

கொழும்பில் உளவளத்துணை டிப்ளோமா படிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது சட்டமும் ஒழுக்கமும் பற்றிய வினாத்தாளைத்தான். ஃபிராய்ட், ரோஜர்ஸ் போன்றோரின் உளவியல் கோட்பாடுகளைப் பாடமாக்கி எழுதிவிடலாம். இதில் ஒரு சம்பவத்தைத் தந்து "நீங்கள் என்ன செய்வீர்கள், ஏன்?" என்று கேட்பார்கள். புள்ளி முழுவதும் அந்த "ஏன்" என்பதில்தான் இருக்கிறது.

எந்தச் சம்பவத்தையும் இரண்டு தடவை வாசியுங்கள், முதலில் சட்டத்துக்காக, பிறகு ஒழுக்கத்துக்காக. சட்டம் கேட்பது: கவனக் கடமை, அதாவது மற்றவருக்குத் தீங்கு வராமல் கவனமாக நடக்கும் கடமை, இருந்ததா, அது மீறப்பட்டதா, அந்த மீறலால்தான் தீங்கு வந்ததா? ஒழுக்கக்கோவைக்குத் தீங்கு வரவேண்டும் என்ற கட்டாயமே இல்லை. துணைநாடியிடம், அதாவது உளவளத்துணை தேடி வருபவரிடம், கடன் வாங்கி, சொன்ன நாளில் திருப்பிக் கொடுத்தாலும் அது ஒழுக்க மீறல்தான். ஆனால் தீங்கு இல்லாததால் அது கவலையீன (அலட்சிய) வழக்காக நிற்பது கடினம். இரண்டையும் கலந்து எழுதுவதால்தான் நல்ல மாணவர்களும் புள்ளி இழக்கிறார்கள்.

தீர்ப்புகளைப் பெயரும் ஆண்டுமாகப் பாடமாக்காதீர்கள், கதையாகப் படியுங்கள். 1957 இல் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட போலம் வழக்கில், தசை தளர்த்தும் மருந்து கொடுக்காமல் மின்னதிர்ச்சிச் சிகிச்சை செய்யப்பட்ட ஒருவருக்கு எலும்பு முறிந்தது. அவர் தோற்றார். அத்துறையில் தேர்ந்தவர்களில் பொறுப்பான ஒரு சாரார் ஏற்கும் முறைப்படி நடந்தால் அது கவலையீனம் ஆகாது என்பது அன்றைய அளவுகோல். 1997 இல் வந்த பொலிதோ தீர்ப்பு, அந்தச் சாராரின் கருத்து தர்க்கத்துக்கும் நிற்கவேண்டும் என்றது. எங்கள் நாட்டில் இதன் அடித்தளம் உரோம டச்சுச் சட்டம். 2001 இல் எமது உச்ச நீதிமன்றம் தீர்த்த பிரியானி சொய்சா வழக்கைக் கட்டாயம் படியுங்கள். மருத்துவக் கவலையீன வழக்கு அது. மருத்துவரின் தவறுக்கும் நோயாளியின் மரணத்துக்கும் உள்ள காரணத் தொடர்பு நிறுவப்படாததால் நட்டஈட்டுக் கோரிக்கை தோற்றது. மேலே சொன்ன மூன்றாவது கேள்வியின் கனம் அதில் தெரியும்.

டாராசொஃப் வழக்கைப் பலர் அரைகுறையாக எழுதுகிறார்கள். கலிபோர்னியாவில் ஒரு மாணவர், ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் பல்கலைக்கழகப் பொலிசுக்கு அறிவித்தார். அவர்கள் மாணவரைப் பிடித்து விட்டுவிட்டார்கள். பெண்ணுக்கு ஒருவரும் சொல்லவில்லை. 1969 இல் அவள் கொல்லப்பட்டாள். 1974 தீர்ப்பு எச்சரிக்கும் கடமையைச் சொன்னது. 1976 இல் மறுபடி விசாரித்தபோது அதை, ஆபத்தில் இருப்பவரைப் பாதுகாக்க நியாயமான கவனம் எடுக்கும் கடமையாக விரித்தார்கள்; எச்சரிப்பது அதற்கு ஒரு வழி மட்டுமே. அது கலிபோர்னியச் சட்டம், எங்கள் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்ற ஒரு வரியையும் சேர்த்து எழுதுங்கள்.

உள்நாட்டு விடயங்களைப் பழைய குறிப்புகளை நம்பி எழுதவேண்டாம். தற்கொலை முயற்சி இங்கே குற்றமாக இருந்தது. 1998 இல் அது நீக்கப்பட்டது. இன்றும் சில குறிப்புகளில் குற்றம் என்றே கிடக்கிறது. அதை நம்பும் துணையாளர் பொலிசுக்குப் பயந்து ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தயங்கினால் ஓர் உயிரே போகலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 ஆகிய தொலைபேசி இலக்கங்களும் விடையில் வரட்டும். தன்னிடம் சொல்லப்பட்டதை நீதிமன்றத்தில் வெளியிடாமல் இருக்கச் சாட்சியச் சட்டம் சட்டத்தரணிக்குத் தரும் சிறப்புரிமை உளவளத்துணையாளருக்கு இல்லை. ஆகவே "நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது" என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. எங்கே எல்லை என்பதை முதல் அமர்விலேயே, துணைநாடிக்கு விளங்கும் தமிழில் சொல்லிச் சம்மதம் பெறவேண்டும்.

இரட்டை உறவு, அதாவது துணைநாடியோடு வேறு உறவோ பழக்கமோ இருப்பது, பற்றிய கேள்விதான் எனக்கு மிக முக்கியமாகப்படுகிறது. தெரிந்தவர் வந்தால் வேறொருவரிடம் அனுப்பு என்று பாடநூல் சொல்லும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்து பாருங்கள். வருபவர் உங்கள் மாமியோடு கோயிலில் அருச்சனைக்கு நிற்பவர். அவருடைய மகன் உங்கள் தங்கையின் டியூஷன் வகுப்பில். தமிழில் துணை செய்பவர்கள் குறைவு. அனுப்பிவிட்டால் அவர் எங்குமே போகாமல் இருந்துவிடலாம். கைவிடுவதும் தீங்குதான். அதற்காக எதையும் ஏற்கலாம் என்றில்லை: நெருங்கிய உறவினரை எடுக்கவே கூடாது, பாலியல் உறவுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. தூரத்து அறிமுகமானால் அதை வெளிப்படையாகப் பேசி, கோயிலில் கண்டால் நான் முந்தி வணக்கம் சொல்லமாட்டேன், நீங்கள் விரும்பினால் சொல்லுங்கள் என்று முன்கூட்டியே உடன்படலாம். இப்படி உங்கள் ஊரை வைத்து யோசித்து எழுதும் விடை, மனப்பாட விடையைவிட எவ்வளவோ மேல்.

நேரம் போதாவிட்டால் முன்னுரையை வெட்டுங்கள். யாரோடு ஆலோசித்தீர்கள், மேற்பார்வையாளரிடம் என்ன கேட்டீர்கள், எந்த வழிகளை எதற்காக விலக்கினீர்கள், அதே நாளில் குறிப்பேட்டில் என்ன பதிந்தீர்கள் என்ற பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.