ஆறு மாதக் கணக்கு

குன்னூரில் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் மருத்துவராக இருக்கும் எனக்கு, கல்லீரல் தழும்பேறிக் கெட்டுப்போகும் சிரோசிஸ் நோயாளிகளிடம் நோயை விளக்குவதைக் காட்டிலும் தேதியை விளக்குவதுதான் பெரும்பாடாக இருக்கிறது. வயிற்றில் நீர் கோத்து, கால் வீங்கிப் படுத்தவருக்குக் கல்லீரல் கெட்டிருக்கிறது என்று எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மருந்தில் அதெல்லாம் வடிந்து தேயிலைத் தோட்டத்து வேலைக்குத் திரும்பிய பிறகும், கல்லீரலில் புற்றுக்கட்டி தோன்றியிருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேனுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூலியை விட்டுவிட்டு வெறும் வயிற்றோடு பேருந்தேறி வர வேண்டும் என்னும்போதுதான் கேள்வி பிறக்கிறது. “போன தடவை ஒண்ணுமில்லைன்னு நீங்கதானே டாக்டரம்மா சொன்னீங்க, மறுபடி எதுக்கு?” என்று கோத்தகிரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

தழும்பேறிய கல்லீரலில் தோன்றும் புற்றுக்கட்டி தொடக்கத்தில் வலிப்பதில்லை. அதன் பருமன் இரட்டிப்பாகச் சராசரியாக நான்கு முதல் ஆறு மாதம் ஆகிறது என்ற கணிப்பிலிருந்து வந்ததே இந்த ஆறு மாத இடைவெளி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதால் கூடுதல் பயன் இல்லை என்று பிரான்சில் நடந்த ஆய்வொன்று காட்டியது. ஓராண்டாக நீட்டினாலோ, கட்டி சிறிதாக இருக்கும்போதே பிடிக்கும் வாய்ப்பு குறைந்துவிடும். பெரியவரிடம் இதைக் கொழுந்துக் கணக்கில் சொன்னேன்: வாரம் பத்து நாளில் அடுத்த சுற்று எடுக்காவிட்டால் இலை முற்றிவிடுகிறது அல்லவா, போன சுற்றில் நன்றாகப் பறித்தோம் என்பதற்காக இந்தச் சுற்றை விடுகிறோமா? அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

பிடிக்கும் அளவைப் பொறுத்தே வைத்தியம் மாறுகிறது. மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஊசி செலுத்திச் சூட்டால் கருக்கிவிடலாம். மாற்றுக் கல்லீரல் பொருத்துவதற்கு, 1996இல் மிலான் நகர மருத்துவர்கள் வகுத்த வரம்பு இன்றும் அடிப்படையாக நிற்கிறது: ஒரே கட்டியானால் 5 சென்டிமீட்டருக்குள், அதிகபட்சம் மூன்று கட்டிகளானால் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள். 2004இல் வெளியான ஷாங்காய் ஆய்வில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும், கல்லீரல் புற்றில் கூடக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் செய்த குழுவில் கல்லீரல் புற்றால் ஏற்பட்ட மரணம் 37 சதவீதம் குறைந்தது. அந்த ஆய்வின் முறையில் குறை கண்டவர்கள் உண்டு. ஆனால், அழைக்கப்பட்ட பரிசோதனைகளில் 60 சதவீதத்துக்கும் குறைவாகவே நடந்திருந்தும் அந்தப் பலன் கிடைத்தது என்ற செய்திதான், பாதிப் பேர் வராமல் போகும் எங்கள் ஊருக்கு ஆறுதல்.

வந்தவரிடமும் எல்லாம் தெரிந்துவிடுவதில்லை. சிரோசிஸ் கல்லீரல் திரையில் சொரசொரப்பாக, முடிச்சு முடிச்சாகத்தான் தெரியும்; அதற்குள் ஒரு முடிச்சு மட்டும் வேறு நிறத்தில் இருக்கிறதா என்று தேட வேண்டும். உதரவிதானத்தை ஒட்டிய மேற்பகுதி விலா எலும்புக்கும் நுரையீரலுக்கும் பின்னால் ஒளிந்துகொள்ளும். நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வலக் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, மூச்சை ஆழ இழுத்துப் பிடிக்கச் சொன்னால், சில நொடிகள் அந்தப் பகுதி கீழே இறங்கி வரும். பருமனான உடல்வாகிலும் கொழுப்பு படிந்த கல்லீரலிலும் அதுவும் கைகொடுக்காது. எனவே, எவ்வளவு பகுதி தெளிவாகத் தெரிந்தது என்பதை ஏ, பி, சி என்று தரம் பிரித்து அறிக்கையில் எழுதுவதை நான் கட்டாயமாக வைத்திருக்கிறேன். வெறுமனே ‘நார்மல்’ என்று எழுதிக் கையெழுத்திடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான புள்ளி தெரிந்தால் மூன்று மாதத்துக்குள் மறுபடி பார்க்கிறோம். அதற்கு மேலானாலோ, ஏ.எஃப்.பி. அளவு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமைத் தாண்டினாலோ, சாய ஊசி போட்டு எடுக்கும் சி.டி.க்குக் கோயம்புத்தூர் அனுப்புகிறோம். சாயம் தமனி வழியாகப் பாயும் முதல் கட்டத்தில் பளிச்சென்று ஒளிர்ந்து, பிறகு சாயம் வெளுத்துப் போகும் கட்டி என்றால், சிரோசிஸ் உள்ளவருக்குத் திசுப் பரிசோதனை இல்லாமலே புற்று என்று உறுதிசெய்யலாம்.

தேதியை ஆங்கில மாதத்தில் எழுதிக் கொடுத்த காலத்தில் சீட்டு வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடும். எங்கள் செவிலியர் ஒருவர் சொன்ன யோசனைப்படி இப்போது தமிழ் மாதத்தில் சொல்கிறோம். கோத்தகிரி, குன்னூர்க்காரர்களுக்குத் தையும் ஆடியும்; இவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழையும் மண்சரிவும். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு ஆடி மழையில் வீட்டைவிட்டு இறங்கவே முடியாது என்பதால் சித்திரையும் ஐப்பசி முதல் வாரமும். ஸ்கேன் கருவியையே தோட்டத்துக்குக் கொண்டுபோனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கருவில் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு கருவியும் பதிவு செய்யப்பட்டது. நினைத்தபடி தூக்கிச் செல்ல முடியாது.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி கிருமி மாத்திரையில் அறவே ஒழிந்தவர்கள்தாம் ஸ்கேனுக்கு வராமல் அதிகம் நின்றுவிடுகிறார்கள். சிரோசிஸ் வந்த பிறகு கிருமி ஒழிந்திருந்தால் ஆபத்து குறையுமே தவிர அற்றுப்போகாது. அதனால் அவர்கள் பெயர் எங்கள் ஆறு மாதப் பட்டியலில் தொடர்கிறது. எடுத்துவிடும் பெயர்களும் உண்டு. கல்லீரல் முற்றிலும் தளர்ந்து, மாற்று அறுவைக்கும் வழியில்லாதவருக்குக் கட்டி தெரிந்தாலும் செய்வதற்கொன்றும் இல்லை என்பதால், குடும்பத்தாரிடம் பேசிவிட்டு நிறுத்துகிறோம். மகனோ மகளோ அதை ஏற்காமல் அடுத்த தையிலும் அழைத்து வந்தால், நான் திருப்பி அனுப்புவதில்லை. படுக்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.