ஒரே லிக், பன்னிரண்டு பார்

கிட்டாரில் ப்ளூஸ் சோலோ வாசிக்க ஆசையா? ஏ மைனர் பென்டடானிக் பாக்ஸ் (ஐந்து சுரங்களின் விரல் அமைப்பு) ஐந்தாம் ஃப்ரெட்டில் விரலுக்குப் பழகியாயிற்றா? இனி ஐம்பது லிக் (குட்டி இசைத் துணுக்கு) மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒன்று போதும்.

3ஆம் கம்பி, 7ஆம் ஃப்ரெட். அங்கிருந்து ஒரு முழு டோன் பெண்ட், அதாவது கம்பியைத் தள்ளிச் சுரத்தை இரண்டு ஃப்ரெட் அளவு ஏற்றுவது. அடுத்து 2ஆம் கம்பி 5, 1ஆம் கம்பி 5. பெண்ட் போய்ச் சேர வேண்டிய சுரமும் 2ஆம் கம்பி 5இல் இருப்பதும் ஒரே 'ஈ'தான். முதலில் அதை மீட்டிக் கேட்டுவிட்டு அந்த உயரத்துக்கு ஏற்றுங்கள். பெரும்பாலும் சுருதி எட்டாமல் நின்றுவிடும். காரணம், மோதிர விரல் மட்டும் தனியாகத் தள்ளுவது. நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் அதன் பின்னால் அதே கம்பியில் ஊன்றி, மணிக்கட்டைத் திருப்புங்கள். 0.009 செட் கம்பியில் (1ஆம் கம்பியின் தடிமன் 0.009 அங்குலம்) இது சுலபம். வீம்புக்காகத் தடித்த கம்பி போடாதீர்கள்.

இப்போது சோலோ. பின்னணி, ஏ7, டி7, ஈ7 என்ற மூன்று கார்டுகளில் (சுரக்கூட்டுகளில்) நகரும் பன்னிரண்டு பார் ப்ளூஸ்; பார் என்பது ஒரு தாளச் சுற்று. 1, 2ஆம் பார்களில் லிக்கை வாசித்து, 3ஆம் கம்பி 6இல், அதாவது சி ஷார்ப்பில் முடியுங்கள். அது ஏ7இன் மூன்றாம் சுரம். 3, 4இல் சும்மா இருங்கள் (இதுதான் பலருக்கும் முடியாதது). 5ஆம் பாரில் டி7 வந்ததும் அதே லிக், ஆனால் முடிவு ஒரு ஃப்ரெட் கீழே, 'சி'யில். அது டி7இன் ஏழாம் சுரம். ஒரே ஒரு ஃப்ரெட் நகர்வில் கார்டு மாறியது காதுக்குத் தெரிந்துவிடும். ஒரு வரி, அதே வரி மறுபடி, பிறகு பதில் என்ற ப்ளூஸ் பாடல் அமைப்புதான் இதுவும். பதிலை 9ஆம் பாரில், ஈ7இல் தொடங்குங்கள்; 2ஆம் கம்பி 9இல் உள்ள ஜி ஷார்ப் அங்கே நன்றாக உட்காரும்.

மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60 தட்டு, ஷஃபிள் (துள்ளல் நடை).