எந்த கவுண்டி, எந்தப் பெயர்: டெக்சஸில் கைதான ஒருவரைத் தேடிய அனுபவம்

அமெரிக்காவில் தெரிந்தவர் ஒருவரை போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்றால் கை தானாக கூகுளுக்குப் போகும். பெயரைத் தட்டியதும் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் கட்டணம் கேட்கும் தனியார் தளங்கள். அவற்றில் இருப்பது வேறெங்கிருந்தோ எடுத்துப் போட்ட பழைய நகல். கைதானவர் இந்த நிமிடம் எங்கே இருக்கிறார் என்பது அந்த கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃபின் அலுவலகத்துக்குத்தான் தெரியும், அங்கே பார்க்கக் காசும் கிடையாது. நண்பனின் தம்பி ஒருவனுக்காக இந்த வழி முழுக்கப் போய்வந்தேன். அந்த இரவில் யாராவது வரிசையாகச் சொல்லித் தந்திருந்தால் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும், அதனால் எழுதி வைக்கிறேன்.

நடந்தது டல்லாஸுக்கு வடக்கே, ஃப்ரிஸ்கோவில், ஒரு சனிக்கிழமை இரவு. குடித்துவிட்டு வண்டி ஓட்டினான் என்ற சந்தேகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். இங்கே அதை டி.டபிள்யூ.ஐ. என்பார்கள். அறையில் கூட இருக்கும் பையனுக்கு ‘போலீஸ் நிறுத்திட்டாங்க’ என்று ஒரு செய்தி வந்தது, அப்புறம் போன் எடுக்கவில்லை. அண்ணன்காரன் இருப்பது வேறு மாநிலத்தில். நான் பக்கத்தில் இருப்பதால் என்னைக் கூப்பிட்டான். “எந்த ஸ்டேஷன்னே தெரியலடா, அம்மாகிட்ட இன்னும் சொல்லல” என்றான்.

இங்கே ஸ்டேஷனைவிட கவுண்டிதான் முக்கியம், கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி. பிடிப்பது நகரப் போலீஸாக இருக்கலாம், நெடுஞ்சாலையில் மாநிலப் போலீஸாகவும் இருக்கலாம். ஆனால் கொண்டுபோய் வைப்பது பெரும்பாலும் கவுண்டி ஜெயில், அதை நடத்துவது ஷெரிஃப். ஃப்ரிஸ்கோவில் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஊர் காலின் கவுண்டியிலும் டென்டன் கவுண்டியிலுமாகப் பிரிந்து கிடக்கிறது. காலின் என்றால் மெக்கின்னியில் உள்ள ஜெயில், டென்டன் என்றால் டென்டன் ஊரில் உள்ள ஜெயில். டல்லாஸ் நகரமே பல கவுண்டிகளில் பரவியிருக்கிறது. வீடு எந்த கவுண்டி என்பதால் இங்கே பயனில்லை, வண்டியை நிறுத்திய இடம் எந்த கவுண்டி என்று பார்க்க வேண்டும். நல்லவேளையாக அவன் போனில் இருப்பிடத்தை அறைத்தோழனோடு பகிர்ந்து வைத்திருந்தான். கடைசிப் புள்ளியை வரைபடத்தில் வைத்து கவுண்டி எல்லையைப் பார்த்தோம். டென்டன் பக்கம். ஆனாலும் இரண்டு கவுண்டிகளின் தேடல் பக்கத்தையும் திறந்து வைத்துக்கொண்டோம்.

இரண்டிலும் பெயர் இல்லை. இந்த இடத்தில்தான் குடும்பங்கள் பதறிப்போகின்றன. கைது நடந்த உடனே பெயர் ஏறிவிடாது. கைரேகை, புகைப்படம், கையில் இருந்த பொருட்களின் பட்டியல், உடல்நிலை பற்றிய கேள்விகள், வேறு வாரண்ட் இருக்கிறதா என்ற சோதனை, இவ்வளவும் சேர்ந்ததுதான் புக்கிங். அது முடியப் பல மணி நேரம் ஆகலாம். வார இறுதி இரவு என்றால் கூட்டமும் இருக்கும். சில நகரங்களில் முதலில் நகர லாக்-அப்பில் வைத்துவிட்டு அப்புறம்தான் கவுண்டிக்கு மாற்றுவார்கள். அந்த இடைவெளியில் கவுண்டித் தேடலில் எதுவும் வராது. அப்போது கூப்பிட வேண்டியது நகரப் போலீஸின் அவசரமற்ற எண். 911-ஐ இதற்குத் தொடவே கூடாது. நான் கூப்பிட்டேன். பெயரும் பிறந்த தேதியும் கேட்டார்கள், எங்கள் காவலில்தான் இருக்கிறார், காலையில் கவுண்டிக்குப் போவார் என்றார்கள். அதைக் கேட்டதும் அண்ணன்காரன் விட்ட மூச்சு போனில் எனக்கே கேட்டது.

காலையில் மறுபடி தேடினோம். மறுபடியும் இல்லை. இந்த முறை தடை பெயரில் இருந்தது. தமிழர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் நம் ஒரே பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டுவிட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சடிப்பார்கள், முதல் பெயர் தெரியவில்லை என்ற பொருளில். அந்த மூன்று எழுத்து விசாவிலிருந்து மற்ற அடையாள அட்டைகளுக்கும், அங்கிருந்து ஜெயில் பதிவுக்கும் போய்விடுகிறது. நாங்கள் அவன் பெயரை முதல் பெயர் கட்டத்திலும் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்திலும் போட்டுத் தேடிக்கொண்டிருந்தோம். பதிவில் அப்பா பெயரே இல்லை! அவன் பெயர் குடும்பப் பெயராக இருந்தது, முதல் பெயர் எஃப்.என்.யூ.

ஆகவே பெயரை எல்லா விதமாகவும் போட்டுப் பாருங்கள். முன்பின் மாற்றி, அப்பா பெயர் இல்லாமல், எஃப்.என்.யூ. சேர்த்து. முழுப் பெயரையும் தட்ட வேண்டாம், முதல் மூன்று நான்கு எழுத்து போதும் என்று பல தேடல் பக்கங்கள் விட்டுவிடும். செந்தில்குமார் என்ற பெயரை ஒன்றாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம், எச் எழுத்து இருக்கலாம் இல்லாமலும் போகலாம். பிறந்த தேதியில் மாதம் முதலில் வரும். இதெல்லாம் சரிப்படவில்லை என்றால் ஜெயிலின் தகவல் எண்ணைக் கூப்பிட்டு, ஓட்டுநர் உரிமத்தில் இருப்பதை அப்படியே எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள்.

பதிவு கிடைத்ததும் முதல் வேலை, புக்கிங் எண்ணைக் குறித்துக்கொள்வது. அதன் பக்கத்திலேயே புக்கிங் நேரம், கைது செய்த துறை, குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை என்று வரும். பக்கத்தைச் சேமித்தும் வையுங்கள். பல கவுண்டிகளில் ஆள் வெளியே வந்ததும் பெயர் நடப்புப் பட்டியலிலிருந்து போய்விடும். ஜாமீன் தொகை காலியாக இருந்தால் பயப்பட வேண்டாம், மேஜிஸ்ட்ரேட் முன்னால் இன்னும் நிறுத்தவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். டெக்சஸ் சட்டப்படி 48 மணி நேரத்துக்குள் நிறுத்தியாக வேண்டும். எங்களுக்கு அன்றே தொகை ஏறிவிட்டது. முழுத் தொகையையும் ரொக்கமாகக் கட்டினால் வழக்கு முடிந்தபின் கட்டணங்கள் போகத் திரும்பும். ஜாமீன் ஏஜென்ட் வழியாகப் போனால் அவருக்குத் தரும் பங்கு திரும்பாது.

அந்தப் பக்கத்தில் இருக்கும் குற்றச்சாட்டு போலீஸ் சொல்வது மட்டும்தான். அரசு வக்கீல் அதையே தொடுப்பாரா, குறைப்பாரா, வழக்கே வேண்டாம் என்பாரா என்பதெல்லாம் பிறகு. கைதுப் பதிவுகள் எல்லோருக்கும் தெரியும்படி இருப்பது நல்லது என்றே நான் நினைக்கிறேன். யாரையும் சத்தமில்லாமல் உள்ளே தள்ளி மறைத்துவிட முடியாது. அந்த இரவில் எங்களுக்குக் கைகொடுத்ததும் அதுதான். ஆனால் அதே பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர்களைப் பார்த்தால் நெஞ்சு கொதிக்கிறது. தீர்ப்பே வராத ஒருவனின் முகம் அது. நம் குழு ஒன்றிலும் போட்டார்கள், எடுக்கச் சொல்லி நானே கேட்டேன், எடுத்தார்கள்.

பட்டியலை மோசடிக்காரர்களும் பார்க்கிறார்கள். ஜெயிலிலிருந்து பேசுகிறோம், உடனே இவ்வளவு கட்டினால் விட்டுவிடுவோம் என்று குடும்பத்தைக் கூப்பிடுவார்கள். புக்கிங் எண், குற்றச்சாட்டு எல்லாம் சரியாகச் சொல்வார்கள், ஏனென்றால் அது பொதுத் தகவல். கிஃப்ட் கார்டில் கட்டு என்றாலே போனை வைத்துவிடுங்கள், ஜெயிலின் எண்ணை நீங்களே தேடிக் கூப்பிடுங்கள். புகைப்படத்தைப் போட்டுவிட்டு நீக்கப் பணம் கேட்கும் தளங்கள் இன்னொரு தொல்லை. கலிஃபோர்னியாவில் 2015 முதல் அப்படிப் பணம் கேட்பது சட்டவிரோதம். வேறு சில மாநிலங்களிலும் இதற்குச் சட்டம் உண்டு, எனவே பணம் கட்டும் முன் வக்கீலிடம் கேளுங்கள்.

உள்ளே இருப்பவர் பேசும் போன் பதிவாகும். “என்னடா நடந்துச்சு, எவ்வளவு குடிச்ச?” என்று அண்ணன் கேட்க வாயெடுத்தபோது நான் தடுத்துவிட்டேன். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, வக்கீல் பார்க்கிறோம், அவ்வளவு போதும். இந்தியக் குடிமகன் என்றால் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. 1963 வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவு அதைத் தருகிறது. இந்தியர்கள் விஷயத்தில் அவர் கேட்டால்தான் தெரிவிப்பார்கள். டெக்சஸுக்கு ஹூஸ்டனில் உள்ள துணைத் தூதரகம்.

வெளியே வந்த பிறகு காகிதங்கள். யாரிடம் என்ன இருக்கிறது என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. கைது அறிக்கை, பிடித்த போலீஸ் துறையிடம். டெக்சஸ் பொதுத் தகவல் சட்டப்படி எழுதிக் கேட்கலாம். 10 வேலை நாளுக்குள் தர வேண்டும், முடியாவிட்டால் எப்போது தருவோம் என்று எழுதிச் சொல்ல வேண்டும், இல்லை மறுக்க அனுமதி கேட்டு மாநில அட்டர்னி ஜெனரலுக்கு எழுத வேண்டும். வழக்கு நடக்கும்போது முழு அறிக்கையைத் தர மறுப்பது சகஜம், ஆனால் கைது பற்றிய அடிப்படைத் தகவலை மறைக்க முடியாது. வழக்குக் கோப்பு நீதிமன்ற கிளார்க்கிடம். சின்னக் குற்றங்கள் என்றால் கவுண்டி கிளார்க், ஃபெலனி எனப்படும் பெரிய குற்றங்கள் என்றால் டிஸ்ட்ரிக்ட் கிளார்க். மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையான டி.பி.எஸ். தளத்திலும் பெயர் போட்டுத் தேடலாம், ஆனால் அங்கே பொதுமக்களுக்குக் காட்டுவது தண்டனை போன்ற முடிவுகளைத்தான், வெறும் கைதுகளை இல்லை. மத்திய அரசின் தகவல் அறியும் சட்டமான எஃப்.ஓ.ஐ.ஏ.வைச் சொல்லி கவுண்டியிடம் மனுப் போடுவதில் பயனில்லை, அது மத்திய அலுவலகங்களுக்கு மட்டும்.

அந்தக் காகிதக் கட்டில் ஓட்டுநர் உரிமம் பற்றிய நோட்டீஸ் ஒன்றும் இருந்தது. டி.டபிள்யூ.ஐ. கைதில் உரிமம் ரத்தாகாமல் எதிர்க்க, நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் விசாரணை கேட்க வேண்டும். குற்ற வழக்கு வேறு, இது வேறு. வக்கீல் முதலில் கேட்டதே இதைத்தான்.

கவுண்டியில் எங்கேயுமே இல்லை என்றால் இன்னும் இரண்டு இடம் பார்க்க வேண்டும். குடியேற்றத் துறை எடுத்துக்கொண்டு போயிருந்தால் ஐ.சி.இ.யின் தேடல் பக்கம். அங்கே பிறந்த நாடும், பெயரோ, குடியேற்றத் துறை தரும் ஏ-எண்ணோ வேண்டும். பெயர் அச்சுப் பிசகாமல் பதிவில் உள்ளபடி இருந்தால்தான் வரும், அதாவது எஃப்.என்.யூ. பிரச்சினை அங்கேயும் உண்டு. மத்திய சிறை என்றால் மத்திய சிறைத்துறையான பி.ஓ.பி.யின் தளம், 1982 முதலான கைதிகள் அதில் இருக்கிறார்கள். எல்லா மாநிலத்திலும் கவுண்டி ஜெயில் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். கனெக்டிகட், டெலவேர், ரோட் ஐலண்ட், வெர்மான்ட், ஹவாய் ஆகியவற்றில் ஜெயில்களை மாநிலச் சிறைத்துறையே நடத்துகிறது, தேடலும் அங்கேதான். லூசியானாவில் கவுண்டி என்று இருக்காது, பாரிஷ் என்று தேட வேண்டும்.

கடைசியாக ஒன்று. வழக்கு எப்படி முடிந்தாலும் கிளார்க் அலுவலகத்தில் முடிவின் சான்றளித்த நகலைக் கேட்டு வாங்குங்கள், ஒன்றுக்கு மேல் வாங்குங்கள். விசா விண்ணப்பத்தில் எப்போதாவது கைதானீர்களா என்றுதான் கேட்கிறார்கள், தண்டனை பெற்றீர்களா என்று மட்டுமில்லை. குடியுரிமை விண்ணப்பத்திலும் அப்படியே. வழக்கு தள்ளுபடியானால் டெக்சஸில் கைதுப் பதிவையே அழிக்கச் சொல்லி மனுப் போடலாம், பலருக்கு அது கிடைக்கிறது. ஆனால் அழித்தபின் கிளார்க்கிடம் போய் நகல் கேட்டால் கொடுக்க அவர்களிடம் எதுவும் இருக்காது, குடியேற்ற அதிகாரியோ அதையே கேட்பார். எங்கள் வக்கீல் நகல்களை வாங்கித் தன் கோப்பில் வைத்துக்கொண்ட பிறகுதான் அழிப்பு மனுவில் கையெழுத்து வாங்கினார்.