ஓரத்தில் ஒரு நத்தை

மழலையர் வகுப்பில் சேர்ந்த முதல் வருடம், கதைப் புத்தகத்தைவிட அதற்குப் பின்னால் வரும் விளையாட்டுக்குத்தான் நான் அதிகம் மெனக்கெட்டேன். ரயில் கதை என்றால் அட்டைப்பெட்டியில் ரயில், முயல் கதை என்றால் முயல் முகமூடி. முந்தின இரவு உட்கார்ந்து வெட்டி, ஒட்டி, துளை போட்டு, எலாஸ்டிக் கோத்து வைப்பேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பது மட்டும் காலையில், பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வைக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்.

அன்றைக்கு முயல் கதை. ஒளிந்துகொள்ள இடம் தேடி அலையும் முயல். பக்கத்துக்கு ஒரு வரிதான். பாயில் பன்னிரண்டு பேர், மூன்று, நான்கு வயது. நான்காவது பக்கம் வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒரு பையன் எழுந்து வந்து, புத்தகத்தைப் பிடித்திருந்த என் கட்டைவிரலைத் தூக்கப் பார்த்தான்.

"கைய எடுங்க மிஸ். நத்தைக்கு மூச்சு முட்டும்."

எந்த நத்தை? கதையில் நத்தையே கிடையாது. விரலை எடுத்துப் பார்த்தால், கல்லுக்குப் பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு நத்தை. முன்பக்கங்களைத் திருப்பினேன். எல்லாப் பக்கத்திலும் இருந்தது. வரைந்தவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அதைக் கூடவே ஊர்ந்து வர விட்டிருக்கிறார். பாயில் இருந்த பாதிப் பேருக்கு அது முதல் பக்கத்திலேயே தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் புதுச் செய்தி.

கண் எங்கே போகிறது என்று பதிவு செய்யும் கருவியை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2005இல் மேரி ஆன் எவன்ஸ், ஜான் செயின்ட் ஓபின் இருவரும் வெளியிட்ட ஆய்வில், பெரியவர் வாசித்துக் காட்டும்போது பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகள் எழுத்தை அநேகமாகப் பார்ப்பதே இல்லை. பார்வை முழுக்கப் படத்தின் மேல்தான். யோசித்தால் நியாயம்தானே. எழுத்து அவர்கள் காதுக்குப் போய்விடுகிறது, கண் சும்மா இருக்கிறது, படத்தை மேய்கிறது. என் கண்ணோ வரியை விட்டு நகரவில்லை.

இவ்வளவு பார்த்த பிறகும் நான் முகமூடிகளைத்தான் எடுத்தேன். இரவு பதினொரு மணி வரை செய்தவை, விட மனசு வரவில்லை. ரெண்டு பேர் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி எலாஸ்டிக் காதை அறுக்கிறது என்று அழுதாள். அந்தப் பையன் தன் பையை முதுகில் மாட்டிக்கொண்டு தரையில் படுத்துவிட்டான். "முதல்ல முயல், அப்புறம் நத்தை" என்று சமாதானம் பேசினேன். யாரும் காதில் வாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வகுப்பே பையும் முதுகுமாக ஊர்ந்தது. பாயிலிருந்து கதவு வரை போக அரைமணி நேரம் ஆனது. ஓடக்கூடாது என்று தொண்டை கிழியக் கத்த வேண்டிய பிள்ளைகள், நத்தை ஓடாது என்று தாங்களாகவே சட்டம் போட்டுக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் கண்டித்தார்கள். தலையில் ரெண்டு விரலைக் கொம்பாக வைத்தவளை இன்னொருத்தி திருத்தினாள்: "கண்ணு மூஞ்சில இல்ல, கொம்பு நுனியில இருக்கு, பாரு." புத்தகத்தைத் திறந்து பார்த்தோம். அவள் சொன்னதுதான் சரி. நிஜ நத்தைக்கும் நீளமான கொம்புகளின் நுனியில்தான் கண்.

முகமூடிகள் வீணாகவில்லை. மறுநாள் அவற்றைத் திருப்பி முதுகில் கட்டி ஓடாக்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நான் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். பிள்ளைகளைப் பேசவிட்டு வாசிக்கும் உரையாடல் வாசிப்பு என்ற முறை இருக்கிறது. 1988இல் க்ரோவர் வைட்ஹர்ஸ்ட் குழு வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் ஒரே ஒரு மாதம் இப்படி வாசித்ததிலேயே பிள்ளைகளின் பேச்சு முன்னேறியிருந்தது. அதைப் படித்துவிட்டுப் பக்கத்துக்கு நாலு கேள்வி கேட்க ஆரம்பித்தேன். இது என்ன, எத்தனை, என்ன கலர். கதை நேரம் வாய்மொழித் தேர்வாகிவிட்டது. "நீங்களே சொல்லுங்க மிஸ், உங்களுக்குத்தான் தெரியுமே" என்றாள் ஒரு பெண். அவள் சொன்னது சரி. விடை தெரிந்த கேள்வியைக் கேட்பது ஒருவித ஏமாற்று. இப்போது எனக்கே தெரியாததை மட்டும் கேட்கிறேன். பல பக்கங்களில் ஒன்றுமே கேட்பதில்லை.

தூக்கிப் பார்க்கும் மடிப்பு, இழுக்கும் பட்டை வைத்த புத்தகங்கள் மேலும் எனக்குப் பழைய மோகம் இல்லை. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் கை வேலையில் இறங்கியதும் கதை நின்றுவிடுகிறது. 2010இல் வந்த ஓர் ஆய்விலும் அப்படிப்பட்ட புத்தகத்திலிருந்து பிள்ளைகள் குறைவாகவே கற்றுக்கொண்டார்கள்.

எங்கள் மூத்த டீச்சர் ஒருவர், நான் அக்கா என்று கூப்பிடுவேன், ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தார். "வார்த்தையை ஒரு பேப்பரால மூடிட்டு ஒரு தடவ பாரு. புத்தகத்தை ஓரத்துல பிடிக்காத, கீழ நடுவுல பிடி." இப்போது இரவு வேலை அதுதான். கத்தரிக்கோல் எடுப்பது எப்போதாவதுதான். களிமண், கட்டைகள், ஒரு பழைய போர்வை, இவ்வளவையும் பாய் ஓரத்தில் போட்டுவிட்டு, எதை யார் எடுக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

அந்த முயல் புத்தகம் இன்னும் இருக்கிறது, முதுகில் டேப் ஒட்டி. இந்த வருடப் பிள்ளைகளுக்கு நத்தை பெரிய விஷயமாகவே இல்லை. மூன்று வாரமாக அவர்கள் ஆறாம் பக்கத்தை விட்டு நகரவில்லை. அதில் தூரத்தில் முயலின் வீடு, அதில் மஞ்சளாக ஒரு ஜன்னல். எத்தனையோ தடவை புரட்டிய பக்கம்.

"முயல் வெளியதான மிஸ் இருக்கு? அப்ப உள்ள யாரு லைட் போட்டா?"