நான்காவது வால்வும் ஐந்தாவது வால்வும்

"போன தடவை எவ்வளவு இருந்துச்சு தம்பி?"

வால்வு இடைவெளி குறைந்திருக்கிறது, ஹெட்டை (சிலிண்டர்களின் மேல் வால்வுகள் உட்காரும் மூடியை) கழற்ற வேண்டும் என்று நான் சொன்னதும், அம்பாசடரின் சொந்தக்காரர் கேட்டது இந்த ஒரு கேள்விதான். "அது தேவையில்லைங்க ஐயா, இப்ப இருக்கிறதே சொல்லுதே" என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மறுநாள் ஹெட்டைக் கழற்றினோம்.

1489 சிசி பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பெட்ரோல் இன்ஜின். வாரம் ஒருமுறை கோயிலுக்கும் சந்தைக்கும் போய்வரும் வண்டி. நான் அளந்தது டேப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவே விடும் இடைவெளியை. அதில் இருக்க வேண்டியது 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ), அதாவது 0.38 மில்லிமீட்டர். பெட்ரோல் கலவையை உள்ளே விடும் இன்லெட் வால்வுகள் நான்கும் 15-லேயே இருந்தன. புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வுகளில் இரண்டு முனைகளிலும் இருக்கும் 1, 8 இரண்டும் 13. நடுவில் இருக்கும் 4, 5 இரண்டும் 9.

இந்த எண்களைப் பார்த்தால் எந்த மெக்கானிக்குக்கும் முதலில் தோன்றுவது சீட் தேய்மானம்தான், அதாவது வால்வு வந்து உட்காரும் இடத்தின் தேய்மானம். அந்த ஹெட்டில் சீட்டுக்கென்று தனி வளையம் கிடையாது, வார்ப்பிரும்பிலேயே கடைந்திருப்பார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில், எரிந்த ஈயம் சீட்டின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து காப்பாற்றியது. 2000-க்குப் பிறகு அந்தப் பெட்ரோல் இல்லை. சூட்டில் வால்வு முகம் சீட்டோடு நுண்ணிய அளவில் ஒட்டி, திறக்கும்போது பிய்த்துக்கொண்டு வரும். சீட் உள்ளே இறங்கும், வால்வுத் தண்டு மேலே ஏறும், இடைவெளி குறையும். இடைவெளி முழுக்க மூடிவிட்டால் வால்வு சீட்டில் உட்காராது. நெருப்பு ஓரமாகக் கசிந்து வால்வையே தின்றுவிடும். டேப்பெட் தட்டுகிற வண்டியைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. தட்டிக்கொண்டிருந்தது திடீரென்று அடங்கினால்தான் கவனிக்க வேண்டும்.

4, 5 முதலில் அடிவாங்குவதற்கும் காரணம் உண்டு. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் இரண்டும் நடுவில் ஒரே போர்ட் வழியாக வெளியேறுகின்றன. ஹெட்டிலேயே அதிகம் கொதிக்கும் இடம் அது. பற்றவைக்கும் டைமிங் பின்தங்கினாலும் மிக்சர் லீனானாலும் (பெட்ரோல் குறைந்து காற்று கூடினாலும்) இந்த இரண்டும்தான் முதலில் வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

ஆக, என் கணிப்பில் தப்பில்லை என்றுதான் இன்றும் சொல்வேன். எட்டையும் யாரோ ஒருவர் ஒரே நாளில் 15 வைத்திருக்கிறார், சூடு ஏறிய இடத்தில் மட்டும் குறைந்திருக்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் அவர் கேட்டது வேறு. 15 எப்போது 9 ஆனது என்பதே அந்தக் கேள்வி. ஆயிரம் கிலோமீட்டரில் ஆறு தௌ குறைந்திருந்தால் ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும். இருபது வருடத்தில் குறைந்திருந்தால் மறுபடி 15 வைத்துவிட்டு வண்டியைக் கொடுத்து அனுப்பலாம். ஓடோமீட்டர் கேபிள் அறுந்து கிடந்தது, பழைய பில் எதுவும் இல்லை. எனக்குத் தெரியவில்லை என்பதைத் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. 4, 5 ராக்கர்களின் முகத்தில் லேசான பள்ளம் இருந்தது. பள்ளத்தின்மேல், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு பாலம் போட்டாற்போல் நிற்கும், உண்மையான இடைவெளியைவிடக் குறைத்துக் காட்டும். 9 என்று காட்டியது நிஜத்தில் 11-ஆகக்கூட இருந்திருக்கலாம். ராக்கரைத் தீட்டிவிட்டு அளந்திருக்க வேண்டும். அளந்த முறை மட்டும் சரிதான்: 4 முழுக்கத் திறந்திருக்கும்போது 5, 5 திறந்திருக்கும்போது 4, திறந்த வால்வின் எண்ணையும் அளக்கும் வால்வின் எண்ணையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும்.

செலவில்லாத வழியும் இருந்தது. எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய கார்புரேட்டர் செட்டிங் லீனாக ஓடும். எஸ்.யூ. கார்புரேட்டரில் பெட்ரோல் கூடும்படி ஜெட் நட்டை ஒன்றிரண்டு பட்டை கீழே இறக்கி, டைமிங் பார்த்து, இடைவெளியை 15 வைத்து, ஆயிரம் கிலோமீட்டர் கழித்து மறுபடி அளந்திருக்கலாம். சீட் வேகமாகத் தேய்வது, நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக அழுத்தி ஓட்டும் வண்டியில்தான். கோயில் வண்டிக்கு அவ்வளவு அவசரம் இல்லை.

லேத்தில் கடைசல் வேலை சுத்தமாகவே நடந்தது. தேய்ந்த சீட்டைக் கடைந்து, அங்கே புது சீட் வளையம் வைக்க, வளையத்தைவிட 0.08 மில்லிமீட்டர் குறைவாகக் குழி எடுத்து, ஹெட்டைச் சூடாக்கி வளையத்தைக் குளிரவைத்து இறக்க வேண்டும். 4-க்கும் 5-க்கும் குழி எடுத்ததும், இரண்டுக்கும் நடுவே மயிரிழை விரிசல் தெரிந்தது. உள்ளே தண்ணீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட் வரை போயிருந்தது.

கடைந்ததால் வந்த விரிசலா, ஏற்கெனவே இருந்ததா? இந்த ஹெட்கள் அந்த இடத்தில்தான் வெடிக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனாலேயே, வேலைக்கு அனுப்புமுன் தண்ணீர் வழிகளை அடைத்து, வெந்நீரில் முக்கி, காற்றழுத்தம் கொடுத்துக் குமிழி வருகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். விரிசலைக் காட்டும் டை (சாயம்) தடவியாவது பார்த்திருக்கலாம். செய்யவில்லை. முன்பே விரிசல் இருந்திருந்தால், ஹெட்டைக் கழற்றியது அந்த இன்ஜினைக் காப்பாற்றியிருக்கிறது. இல்லையென்றால், இன்னும் பல வருடம் ஓடியிருக்க வேண்டிய ஹெட்டை நான் கெடுத்திருக்கிறேன். இதற்கு இனி விடை கிடைக்காது.

வேறொரு ஹெட் தேடிப் பிடித்து, சோதித்து, வளையம் போட்டு மாட்டினோம். ஹெட்டுக்கும் சோதனைக்கும் ஆன செலவை நான் ஏற்றுக்கொண்டேன். ஐயா குறை சொல்லவில்லை, வண்டி முன்னைவிட நன்றாக இழுக்கிறது என்றார். புது சீட், புது வால்வு, வால்வையும் சீட்டையும் ஒட்டத் தேய்த்த பளிச்சென்ற லேப்பிங், இழுக்கத்தான் செய்யும். நெடுஞ்சாலையில் தினம் ஓடும் வண்டி வந்தால் இப்போதும் வளையம் போடச் சொல்வேன், அதில் மாற்றமில்லை.

வண்டியைக் கொடுக்கும்போது, பானெட்டின் உள்பக்கம் ஒரு தகட்டில் எட்டு அளவுகளையும் தேதியையும் எழுதி ஒட்டினேன். கேபிளையும் மாற்றி, கிலோமீட்டரையும் குறித்தேன். ஐயா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார். நான்காவது வரியிலும் ஐந்தாவது வரியிலும் விரலை வைத்து, "அடுத்த தடவை இதைப் பார்த்தா தெரியும், இல்ல?" என்றார். தெரியும் என்றேன்.