இடுப்பில் வெட்டுண்ட மனிதர்கள்

ஓவியர் நிக்கி நொஜூமி 1942இல் ஈரானின் கெர்மான்ஷாவில் பிறந்தவர். 1980இல் தெஹ்ரான் தற்காலக் கலை அருங்காட்சியகத்தில் அவரது கண்காட்சிக்குக் கடும் எதிர்ப்பு கிளம்ப, நாட்டைவிட்டு வெளியேறி நியூயார்க் சேர்ந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் தெஹ்ரானிலேயே தங்கிவிட்டன. பெரும் இழப்பு அது.

அவர் ஓவியங்களைப் பார்த்தால் இடுப்பைக் கவனியுங்கள். கோட்டும் டையும் அணிந்த அதிகாரம்; ஆனால் குறுக்கே வெட்டு விழுந்து, மேலுடலும் கால்களும் பொருந்தாமல் விலகி நிற்கும். செய்திப் படங்களிலிருந்து உருவங்களை எடுத்து, வெட்டி ஒட்டிப் பார்த்து, அந்தப் பிசகைத் திருத்தாமலேயே கேன்வாஸில் எண்ணெய் வண்ணத்துக்குக் கொண்டுபோவார். பிசகுதான் அங்கே பேசுகிறது.

நாளிதழ்த் தாளின்மேல் நேரடியாக மையால் வரைந்தவையும் உண்டு. அவற்றைக் காப்பதுதான் கடினம்: நாளிதழ்த் தாளின் மரக்கூழிலுள்ள லிக்னின் என்ற இயற்கைப் பொருள் வெளிச்சத்தில் மஞ்சளாகும், ஓரங்கள் நொறுங்கும். மங்கிய வெளிச்சமும் அமிலமற்ற அட்டையும் கட்டாயம்.